பாய்மரம் நட்ட குன்று

செப்டம்பர் முதல் தேதி மணப்பாட்டில் கொடி ஏறிவிட்டால், திருச்செந்தூரிலிருந்து தெற்கே போகும் பேருந்துகளில் நிற்பதற்கே இடம் தேட வேண்டும். நான் ஏறியது திருச்சிலுவைப் பெருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம். ஓட்டுநருக்குப் பின்னால் சாக்குப்பை நிறையப் பாத்திரம், பாயில் சுருட்டிய தலையணைகள், செய்தித்தாளில் பொதிந்த ஆளுயர மெழுகுவர்த்தி. சாத்தான்குளம் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் சாமான்கள் அவை. பாட்டியின் நெற்றியில் திருநீறு. "எங்க மாமியா காலத்துல இருந்தே சிலுவைநாதருக்கு நேர்ச்சை உண்டு. இந்தத் தடவ பேரனுக்கு மொட்ட போடணும்" என்றார். காலையில்தான் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டும் ஒரே கடற்கரை, ஒரே பயணம், ஒரே கட்டுச்சோறு.

குலசேகரன்பட்டினத்தில் பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போடுகிறவர்கள் துளசி மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் பிரதமர் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் இந்த ஊர்ப் பக்கம்தான் வரவிருக்கிறது. அதைத் தாண்டினால் பனங்காடு. பனங்காட்டுக்கு நடுவே நடுவே செம்மணல் தேரி. பிறகு சாலை கடலைப் பார்த்துத் திரும்புகிறது. சட்டென்று மணப்பாடு.

ஊர் ஒரு பக்கம் இருக்கிறது, குன்று ஒரு பக்கம் இருக்கிறது. கருமேனியாறு கடலைத் தொடுகிற இடத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல்மேடு அது. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். அதே மேட்டில் ஒரு கலங்கரை விளக்கம். கீழே பழைய வீடுகளின் முகப்புகளில் போர்த்துக்கீசியர் காலத்து வேலைப்பாடு இன்னும் மிச்சமிருக்கிறது. திருவிழாச் சமயத்தில் அந்த முகப்புகளுக்கு முன்னால் வளையல் கடை, அல்வாக் கடை, சிலுவையும் செபமாலையும் தொங்கவிட்ட கடைகள் எல்லாம் முளைத்துவிடுகின்றன. குன்றின் அடிவாரத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

ரோமர்கள் சிலுவையை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று வைத்திருந்தார்கள். ஆளைக் கொல்வது மட்டும் அதன் நோக்கம் அல்ல. ஊர் பார்க்க, உடுப்பை உருவி, நாள் முழுக்கச் சாக விடுவது அதன் நோக்கம். அப்படிப்பட்ட கொலைமரத்துக்குக் கொடியேற்றி, மாலை போட்டு, மேளம் வைத்துக் கொண்டாடுவதா என்று கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரிய வெள்ளியன்று அதே சிலுவைக்கு முன்னால் அழுகிறோம். அன்று பலிபீடத்தில் துணிகூட இருக்காது, மணி அடிக்காது. செப்டம்பர் 14 அன்று அதே மரத்துக்கு மணி அடித்து விழா எடுக்கிறோம். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் கிடப்பதைப் பார்க்கத்தான் வருஷா வருஷம் இவ்வளவு பேர் இந்த மணலில் ஏறுகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

இந்த விழா எருசலேமில் தொடங்கியது. பேரரசர் கான்ஸ்டன்டைன், இயேசுவின் கல்லறையும் கல்வாரியும் இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் பேராலயம் எழுப்பினார். 335-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது நேர்ந்தளிக்கப்பட்டது. அவருடைய தாய் ஹெலனா அங்கே சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது மரபு. நேர்ந்தளிப்பு 13-ஆம் தேதி. மறுநாள் சிலுவை மரத்தை உயர்த்தி மக்களுக்குக் காட்டினார்கள். அந்த மறுநாள்தான் 14. கீழ்த்திசைச் சபைகளிலும் இது பெரிய நாள். எத்தியோப்பியர்கள் இதே மாதக் கடைசியில், சிலுவை கண்டெடுக்கப்பட்டதை ஊர் நடுவில் பெரிய நெருப்பு மூட்டிக் கொண்டாடுகிறார்கள்.

மணப்பாட்டின் கதை அதற்கு ஆயிரத்து இருநூறு வருஷம் பின்னால் வருகிறது. 1540 வாக்கில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. பாய் கிழிந்து, பின்பக்கப் பாய்மரம் முறிந்தது. கரை கண்டால் இந்த மரத்திலேயே ஒரு சிலுவை செய்து நடுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். கப்பல் ஒதுங்கியது இந்தக் குன்றடியில். முறிந்த மரத்தைச் சீவி, உச்சியில் நட்டுவிட்டுப் போனான் என்று ஊர் மரபு சொல்கிறது. அந்தச் சிலுவையைச் சுற்றித்தான் பிறகு கோயில் வந்தது. ஆலயம் எழுந்த ஆண்டாக 1581-ஐச் சொல்கிறார்கள்.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கிறது. பாய்மரம் என்றால் என்ன என்று கடற்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. அது நிற்கிறவரைதான் கப்பல் நகரும். புயலில் ஒடிந்துபோனால், ஆளையும் நசுக்கிக் கப்பலையும் சாய்க்கக்கூடிய பாரம் அதுவே. அந்தக் கப்பல் தலைவன் காட்டில் புதிதாக ஒரு மரம் வெட்டிச் செதுக்கியிருக்கலாம். தன்னைக் கொல்லப் பார்த்த மரத்தையே எடுத்து நிமிர்த்தி வைத்தான். திருவிழாவின் இறையியல் முழுவதும் அந்த ஒரு செய்கையில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு மறுநாள் காலைத் திருப்பலி வரை ஆனது.

சாயங்காலம் குகைக்குப் போனேன். ஆலயத்துக்குக் கீழே, கடலைப் பார்த்த பாறையில் இருக்கிறது அது. தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பலிபீடம், புனித சவேரியாரின் உருவம், மெழுகுப் புகை படிந்த சுவர். பக்கத்தில் ஒரு கிணறு. பத்தடி தூரத்தில் அலை அடிக்கிறது; கிணற்றுத் தண்ணீரோ குடிக்கிற பதத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பாட்டிலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தார். இந்தக் குகையில் தங்கிச் செபித்தார் என்பது ஊரின் உறுதியான நம்பிக்கை. 1544-இல் தன் தோழர் மன்சில்யாசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பல மணப்பாட்டிலிருந்து போனவை. அவற்றுள் ஜூன் 16 தேதியிட்ட ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். வடுகப் படை குமரி முனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைத் தாக்கியிருந்தது. சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி, பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எதிர்காற்று. துடுப்புப் போட்டும் முடியவில்லை, கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. குமரி முனையைத் தொட முடியாமல் திரும்பி வந்து, அந்தச் செய்தியைத்தான் அந்தக் கடிதத்தில் எழுதுகிறார். பிற்பாடு தரைவழியாகப் போய் அந்த மக்களைப் பார்த்தார்.

இந்தக் கடற்கரையில் சவேரியாருக்குப் புதுமைக் கதைகள் ஏராளம். காற்றை எதிர்த்துத் தோற்றுத் திரும்பிய சவேரியாரைப் பற்றி யாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். திருச்சிலுவை விழா நடக்கும் குன்றின் அடியிலேயே அந்தத் தோல்வியும் எழுதப்பட்டிருக்கிறது.

கிணற்றடியில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கையில் கறுப்புச் செபமாலை. வாளி இழுக்க நான் கை கொடுத்தேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

"எங்கேருந்து வாறீங்க மக்ளே?"

"திருநெல்வேலி பக்கம்மா. நீங்க தனியாவா வந்தீங்க?"

"மகளும் பேத்தியும் மேல கோயில்ல இருக்காவ. எனக்க வீட்டுக்காரரு ஒக்கியில போயிட்டாரு."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போன படகுகளில் பல திரும்பவில்லை. குமரிக் கரையில் அந்தத் தேதியைச் சொன்னால் போதும், ஒவ்வொரு தெருவும் ஒரு கணக்கு வைத்திருக்கும்.

"உடம்பு கெடச்சுதாம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டுமா என்று தோன்றியது. அவர் தயங்கவில்லை.

"இல்ல. கல்லறத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில பூ வைப்பாவ. எனக்கு வைக்க ஒரு எடம் இல்ல. பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனா அழுதுகிட்டே இருக்கணும். அதான் இதுக்கு வாறேன். இங்க வந்தா நிமிந்து பாக்கலாம்."

பாட்டிலை மூடி, முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

அன்றிரவு ஆலயத்தைச் சுற்றி ஜனம் மணலிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. மாலை ஆராதனை முடிந்தும் வரிசை குறையவில்லை. கொடிமரத்தடியில் சிலர் உப்பும் மிளகும் கொட்டினார்கள். நடக்க வராத பிள்ளைக்காக வெள்ளித் தகட்டில் ஒரு சின்னக் கால், புதுசாக வாங்கிய படகுக்காக ஒரு சின்னப் படகு என்று காணிக்கைகள். ஒரு வாலிபன் முழங்காலாலேயே மணலில் நகர்ந்து போனான். அவன் தங்கை முன்னால் போய்க் கல்லையும் சிப்பியையும் பொறுக்கிப் பாதையைச் சுத்தம் செய்துகொண்டே போனாள். இப்படி உடம்பை வருத்துவது எதற்கு என்று படித்தவர்கள் கேட்பார்கள். அந்தத் தங்கை ஒவ்வொரு சிப்பியாய்க் குனிந்து எடுத்ததைப் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

வெறுங்காலில் மணலில் நடப்பதற்குப் பின்னாலும் ஒரு பழைய கதை உண்டு. 614-இல் பாரசீகர்கள் எருசலேமைப் பிடித்தபோது சிலுவை மரத்தையும் கொண்டு போய்விட்டார்கள். பேரரசர் ஹெராக்ளியுஸ் பல வருஷம் போரிட்டு ஜெயித்து, அதை மீட்டுவந்தார். பட்டும் பொன்னும் அணிந்து, மரத்தைத் தானே சுமந்து, நகர வாசலுக்கு வந்தபோது ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. இந்த வழியாக இதைச் சுமந்து போனவர் இப்படி உடுத்திப் போகவில்லை என்று ஆயர் எடுத்துச் சொன்னார். அரசர் எல்லாவற்றையும் களைந்து, எளிய உடையில் வெறுங்காலோடு நின்றதும் கால் நகர்ந்தது. இந்தக் கடைசிப் பகுதி வரலாற்றில் இல்லை. பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. ஆனால் விழாவின் ஆபத்தை அது சரியாகத் தொடுகிறது. சிலுவையை வெற்றிச் சின்னமாக்கிப் படைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போவது எளிது. சபையின் வரலாற்றில் அந்தத் தவறு பலமுறை நடந்திருக்கிறது. சிலுவைக்கு மகிமை என்பது சுமக்கிறவனுக்கு மகிமை என்று மாறிவிட்டால், அன்றைக்கு அந்த மரம் வெறும் மரம்.

14-ஆம் தேதி காலை. குருக்கள் சிவப்புத் திருவுடையில் வந்தார்கள். மறைசாட்சிகளின் நாளிலும் பெரிய வெள்ளியிலும் உடுத்தும் அதே சிவப்பு. முதல் வாசகம் எண்ணிக்கை நூலிலிருந்து: பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்கள் முணுமுணுக்கிறார்கள், கொள்ளிவாய்ப் பாம்புகள் கடிக்கின்றன, பலர் சாகிறார்கள். மோசே மன்றாடுகிறார். வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் உயர்த்தச் சொல்கிறார் கடவுள். கடிபட்டவன் அதை நிமிர்ந்து பார்த்தால் பிழைப்பான். நற்செய்தியில் இயேசு நிக்கதேமிடம் இதையே நினைவூட்டித் தானும் அப்படி உயர்த்தப்பட வேண்டும் என்கிறார்.

எத்தனையோ முறை கேட்ட வாசகம். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. கடவுள் பாம்புகளை விரட்டிவிட்டதாக அந்தக் கதையில் இல்லை. கடித்ததன் உருவத்தையே செய்து, கண்ணுக்கு மேலே தூக்கி நிறுத்தினார். தரையில் கிடந்து, கணுக்காலில் கடித்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பயமுறுத்திய ஒன்று, இப்போது எல்லோரும் பார்க்கும்படி கம்பத்தில். எதைக் கண்டு ஓடினார்களோ அதை நேராகப் பார்க்கும் தெம்பு வந்தபோது உயிரும் வந்தது. கடல் விழுங்கப் பார்த்தவன் முறிந்த பாய்மரத்தைக் குன்றின் மேல் நிமிர்த்தியதும், கல்லறை இல்லாத ஒரு அம்மா நிமிர்ந்து பார்க்க வந்ததும் இதோடு சேர்கின்றன. துன்பம் நல்லது என்று இந்த விழா சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். அவை ஏழைகளை இன்னும் குனிய வைக்கின்றன. துன்பத்துக்குள் கடவுளே இறங்கி, அதன் அடிவரை போய், அங்கிருந்து அதை உயர்த்தினார் என்பதே விசுவாசம். இரண்டாம் வாசகமான பிலிப்பியர் மடலும் அதே வரிசையில்தான் போகிறது: முதலில் தன்னை வெறுமையாக்கினார், பிறகு தாழ்ந்தார், சிலுவைச் சாவு வரை தாழ்ந்தார். உயர்வு அதற்குப் பிறகே வருகிறது.

திருப்பலி முடிந்து மெய்யான திருச்சிலுவையின் ஆசீர். சிலுவை மரத்தின் துண்டு என்று போற்றப்படும் திருப்பொருள் இந்த ஆலயத்தில் இருக்கிறது. பிறகு முத்தி செய்வதற்கு வரிசை நகர்ந்தது. வெயில் ஏறிவிட்டது, மணல் காலைச் சுட்டது. வரிசையில் எனக்கு முன்னால் பேருந்துப் பாட்டி நின்றார். பேரனின் தலை மழித்துச் சந்தனம் பூசியிருந்தது. சிலுவை முன்னால் வந்ததும் பாட்டி கையால் தொடவில்லை. குனிந்து நெற்றியை வைத்தார். ஒரு கண்ணை, பிறகு மறு கண்ணை ஒற்றினார். அப்புறம் உதட்டை வைத்தார். பேரனின் பின்கழுத்தைப் பிடித்து அவனையும் அப்படியே செய்ய வைத்தார்.

அங்கே நான் எகேரியாவை நினைத்துக்கொண்டேன். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து எருசலேமுக்குப் பயணம் போய், கண்டதையெல்லாம் தன் சகோதரிகளுக்கு எழுதிவைத்த பெண் அவர். பெரிய வெள்ளியன்று அங்கே சிலுவை மரத்தை மேசைமேல் வைத்து ஆயர் இரு முனைகளையும் பிடித்துக்கொள்வார். மக்கள் ஒவ்வொருவராக வந்து முதலில் நெற்றியாலும் பிறகு கண்களாலும் தொட்டு, முத்தி செய்துவிட்டுப் போவார்கள். கையால் யாரும் தொடுவதில்லை என்று எழுதுகிறார். சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவலுக்கு நிற்பதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்: எவனோ ஒருவன் முத்தமிடுகிற சாக்கில் மரத்தில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டானாம். செப்டம்பர் நேர்ந்தளிப்பு விழாவுக்கு மெசபொத்தாமியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் துறவிகள் திரண்டு வந்ததையும் எழுதத் தொடங்குகிறார். நமக்குக் கிடைத்த ஒரே கையெழுத்துப் படி அந்த இடத்திலேயே அறுந்துபோகிறது.

சாத்தான்குளத்துப் பாட்டிக்கு எகேரியாவைத் தெரியாது. திருநீறு வைத்த நெற்றியால், ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எருசலேமில் செய்ததை அப்படியே செய்தார். கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம். சிந்திய அரிசியையும், காலில் பட்ட புத்தகத்தையும், தாலிக்கயிற்றையும் கண்ணில்தான் ஒற்றுகிறோம். மதிக்கும் பொருளைக் கண்ணுக்குக் கொடுப்பது இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

மத்தியானம் கீழே இறங்கும்போது குமரியிலிருந்து வந்த அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். பேத்திக்குப் பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்பியாச்சா என்று கேட்டேன்.

"இல்ல மக்ளே. நாளைக்கு வியாகுல மாதா. பூசை பாத்துட்டுத்தான் போவேன்."

திருச்சிலுவை விழாவுக்கு மறுநாளே, செப்டம்பர் 15, சிலுவையடியில் நின்ற தாயின் நாள். திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்து இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் உயர்த்தப்பட்ட சிலுவைக்கு மறுநாளே மகனைப் பறிகொடுத்தவளை வைத்ததன் கனிவு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மகிமையைக் கொண்டாடிவிட்டு, இழந்தவர்களை மறந்து வீட்டுக்குப் போகச் சபை விடவில்லை. அவர்களுக்கென்று இன்னொரு நாள் ஒதுக்கி, அதையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

நாகர்கோவில் பேருந்து மறுநாள் எத்தனை மணிக்கு என்று அவர் விசாரித்தார். கடைக்காரரிடம் கேட்டுச் சொன்னேன். பேத்தி பனங்கற்கண்டில் எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

கரையில் இளைஞர்கள் சிலர் வள்ளத்துக்கு அடியில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு நிறுத்தியிருந்த தொழிலை மறுபடி தொடங்க வேண்டும்; காற்று எப்படி இருக்கும், டீசலுக்கு யார் பணம் போடுவது, யார் யார் கடலுக்குப் போவது என்று பேச்சு ஓடியது. திருச்செந்தூர் பேருந்து ஹாரன் அடித்ததும் நான் எழுந்து போனேன்.